பரீட்சைக்கு எழுதிய நோய்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த துரைப்பாண்டியின் மணிக்கட்டுப் பட்டையில் நோயின் பெயர் வந்த காலையில், அதைப் பிரித்துப் படிக்க அவன் மனைவி எழிலரசிக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. பெரிஸ்ப்ளீனோமலேசியா. பெரி என்றால் சுற்றி, ஸ்ப்ளீனோ மண்ணீரல், மலேசியா இளகிப்போதல். மண்ணீரலைச் சுற்றியுள்ள உறை இளகும் நோய். நாளைக் காலை எட்டு மணிக்கு ஸ்ப்ளீனெக்டமி என்றது அடுத்த வரி. எக்டமி என்றால் வெட்டி எடுத்தல். அது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

அந்தக் காலத்தில் நோயை விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. பெயர்க்கோவை என்ற பொறி உடலை அளந்து, பதிவேட்டில் உள்ள பெயர்களில் பொருந்துவதை எடுத்துப் பட்டையில் போடும். அந்தப் பெயரை வைத்துச் சிகிச்சையையும் அதுவே முடிவு செய்யும். மருத்துவர் கையெழுத்துப் போடுவார். பெயர்த் துண்டுகளைப் பள்ளியிலேயே வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிடுவதால், அவரவர் நோயை அவரவரே படித்துக்கொள்ளலாம். என்ன ஒரு வசதி!

"என்ன எழிலு, மூஞ்சி இப்படிப் போகுது? ஒருவழியா பேரு வந்துருச்சுல்ல?" துரைப்பாண்டி சிரித்தான். எட்டு மாதமாக இடப்பக்க விலாவைப் பிடித்துக்கொண்டு அலைந்தவன்.

எழிலரசி பட்டையை மறுபடி படித்தாள். அந்தப் பெயரை எழுதியவளே அவள்தான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், பெயர்ப் பதிவகத்தில் சரிபார்ப்பாளர் வேலைக்குப் பயிற்சி எடுத்தாள். கடைசிப் பரீட்சையில் துண்டுகளைக் கோத்துப் பத்துப் புதுப் பெயர்கள் எழுத வேண்டும். அப்படி ஒரு நோய் இருக்க வேண்டிய அவசியமில்லை. கோத்த முறை சரியாக இருந்தால் போதும். மலேசியா என்று முடித்ததைப் பார்த்து, "விசா எடுத்தாச்சாடி?" என்று பக்கத்து இருக்கைக்காரி கேலி செய்ததுகூட அவளுக்கு நினைவிருந்தது. பயிற்சிப் பொறி ஆமை வேகத்தில் ஓடும் என்பதால் எல்லோரும் உண்மைப் பதிவேட்டிலேயே எழுதுவார்கள். மதிப்பெண் போட்டதும் அழித்துவிடுவார்கள். அன்று மதிப்பெண் போட்ட கையோடு பிரியாணி வந்துவிட்டது. அழிக்க யாருக்கும் நினைவில்லை.

அதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் அவள் வேலை பார்க்கும் பதிவகக் கிளைக்கு ஓடி, பழைய விடைத்தாளைத் தேடி எடுத்துக்கொண்டு மருத்துவர் வாஹிதாவின் அறைக்குள் நுழைந்தாள்.

"இப்படி ஒரு நோயே கிடையாது மேடம். இது நான் பரீட்சைல எழுதுன பேரு."

"ரெண்டாயிரத்து முந்நூறு பேருக்கு இருக்கேம்மா. இல்லாத நோய் எப்படி அத்தன பேருக்கு வரும்?"

"பேரு இருந்துச்சு மேடம். அதுக்குப் பொருந்துற ஆள பொறி தேடிப் பிடிச்சுருச்சு. இதுவரைக்கும் எத்தன பேர வெட்டியிருக்கீங்க?"

வாஹிதா விடைத்தாளை வாங்கித் தேதியைப் பார்த்தார். நல்ல மனுஷி, தலைமைப் பதிவகத்தோடு மல்லுக்கட்டி மதியத்துக்குள் பெயரை நீக்க வைத்தார். எழிலரசி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். பாவிமகள், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டாள்.

வார்டுக்குத் திரும்பியபோது துரைப்பாண்டியின் பட்டையில் 'நலம்' என்று இருந்தது. கட்டிலை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வலி ஊசியும் நின்றுவிட்டது. அவன் சுவரோரமாகத் தரையில் சுருண்டு கிடந்தான். அவனைப் போலவே பெயர் அழிந்தவர்கள் ஏழெட்டுப் பேர், ஒரே மதியத்தில் குணமானவர்கள், முனகிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தார்கள்.

அவள் சண்டை போட்டு மீண்டும் அளக்கச் சொன்னாள். பொறி அளந்தது. பதிவேட்டில் பொருந்தும் பெயர் எதுவும் இல்லை. நலம்.

"உள்ள எதையோ பிடுங்குற மாதிரி இருக்கு எழிலு. பேர எதுக்கு அழிச்ச?"

"உங்கள வெட்டிருவாங்கங்க..."

"வெட்டட்டுமே. படுக்கக் கட்டிலாவது இருந்துச்சு."

அவள் மறுபடி மூன்றாம் மாடிக்கு ஏறினாள். பெயரை அழிக்கத்தான் தலைமைப் பதிவகம் வேண்டும்; சேர்க்கச் சரிபார்ப்பாளரே போதும். இந்த முறை ஒவ்வொரு துண்டையும் பார்த்துப் பார்த்து எடுத்தாள். கத்திக்கு வேலை வைக்கக் கூடாது. வலி ஊசியும் கட்டிலும் கிடைத்தால் போதும். ஹைப்போ, கீழே. கோஸ்டோ, விலா எலும்பு. அல்ஜியா, வலி. விலாவுக்குக் கீழே வலி; அதில் ஒரு பொய்யும் இல்லை. பெயர் வந்துவிட்டால் உண்மையான காரணத்தைப் பொறி அதற்குமேல் தேடாது என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் பதிவு செய்தாள்.

கால் மணி நேரத்தில் கட்டில் வந்தது. ஊசி போட்டதும் துரைப்பாண்டி கண்ணயர்ந்தான்.

பக்கத்துக் கட்டிலில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். கூட வந்த அம்மா எழிலரசியைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தாள்.

"ரெண்டு வருஷமா என்னன்னே தெரியாம அலைஞ்சோம்க்கா. இப்பத்தான் பேரு வந்துச்சு." மகளின் பட்டையைத் திருப்பிக் காட்டினாள். ஹைப்போகோஸ்டால்ஜியா. "உங்க வீட்டுக்காரருக்கும் இதுதானா? இது குணமாகுமாக்கா?"

எழிலரசி தூங்கும் கணவனைப் பார்த்தாள்.

"குணமாகும்" என்றாள்.