கடிபடாத கை

காலை ஒன்பதரை மணி.

சோதனை அறைக் கதவைத் திறந்த கூண்டக்கா போட்ட அலறல் எதிர்க் கட்டடம் வரை கேட்டது.

ஆய்வுக்கூடத்தின் தலைமை விஞ்ஞானி பெரியவர், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மேஜையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் பாதி குடித்த காபி. வலது கை முழங்கை வரை கொசுக் கூண்டுக்குள்.

உயிர் இல்லை.

கூண்டில் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்த இருநூறு பெண் கொசுக்கள்.

கையில் ஒரு கடி கூட இல்லை!

கூண்டக்காதான் அங்கே கொசு வளர்ப்பவள். தன் கையையே நீட்டி, ரத்தம் கொடுத்து வளர்ப்பவள். புருஷனுக்கு இப்படிச் சோறு போட்டிருந்தால் அவன் ஏன் ஓடிப்போகிறான் என்று தெருவே கேட்டது. கூடப்பிறந்த தம்பியும் அங்கேயே விஞ்ஞானி. பதினோரு வருடமாக ரசாயனங்களைக் கூட்டி, கையில் தடவினால் கொசு கடிக்காத மருந்தாகப் புதுசு புதுசாகச் செய்கிறான். இதுவரை செய்த நாற்பத்தாறும் தோல்வி. தலைமுடி கொட்டியதுதான் மிச்சம்.

நாற்பத்தேழைச் சோதிக்கவே வேண்டாம், கடையைக் கட்டு என்று நேற்று பெரியவர் சொன்னது கட்டடம் முழுக்கத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் வந்ததும் தம்பி கோர்வையாகச் சொன்னான். பெரியவர் மனசு மாறி, நாற்பத்தேழைத் தன் கையிலேயே தடவிப் பார்த்திருக்கிறார். நடுவில் நெஞ்சு வலி. ஆனால் கடி இல்லையே... மருந்து ஜெயித்துவிட்டது!

"செத்த கையை எது கடிக்கும்? சூடு வேணும், மூச்சு வேணும்," என்றாள் கூண்டக்கா. அந்த வாய்க்குப் பூட்டே கிடையாது.

சொன்ன பிறகுதான் தம்பியைப் பார்த்தாள்.

சுண்ணாம்பாக வெளுத்திருந்தான்.

அடப்பாவி... நீயாடா? இதை மட்டும் மனசுக்குள்ளேயே கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"அப்ப ரெண்டுல ஒண்ணு. மருந்து வேலை செஞ்சிருக்கணும். இல்லன்னா, உயிர் போனப்புறம் யாரோ கையை உள்ள வச்சிருக்கணும். சார், அதே மருந்தை உங்க கையில தடவுங்க. நீங்க இன்னொரு பட்டினிக் கூண்டைக் கொண்டாங்கம்மா."

பக்கத்து அறைக்குப் போன கூண்டக்கா கதவைச் சாத்தினாள். இரண்டு கைகளையும் கூண்டுக்குள் விட்டாள்.

"குடிங்கடி... வயிறு முட்டக் குடிங்க."

கால் மணி நேரம் கழித்து, கோட்டின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கூண்டோடு வந்தாள்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டு, மருந்து தடவிய வலது கையை உள்ளே விட்டான்.

ஒரு நிமிடம்... ஐந்து... பத்து.

எதுவும் உட்காரவில்லை!

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்டார். கூண்டக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தம்பி கண்ணைத் திறந்தான். பதினோரு வருடத்தில் அவள் பார்க்காத ஒரு வெளிச்சம் அதில்.

"வேலை செய்யுதுக்கா..."

"சரிடா. கையை எடு. போதும்."

"எப்படிப் போதும்? மருந்து தடவாத கையையும் வச்சு ஒப்பிடணும். இல்லாட்டி எவன் நம்புவான்?"

"டேய்... வேணாண்டா."

இடது கையும் உள்ளே போனது.

அதையும் ஒரு கொசு கூடச் சீண்டவில்லை.

தம்பி குனிந்து பார்த்தான். வலையெங்கும் சிவந்த வயிறுகள்.

"இதெல்லாம்... ஏற்கெனவே குடிச்சிருக்கு," என்று முணுமுணுத்தது அவனுக்குள் இருந்த விஞ்ஞானி.

இன்ஸ்பெக்டர் கூண்டக்காவைப் பார்த்தார். அவள் தன்னை மறந்து இரண்டு கைகளையும் சொறிந்துகொண்டிருந்தாள்.

மூன்றாவது கூண்டை அவரே போய் எடுத்து வந்தார். மருந்து தடவிய கை உள்ளே போன அரை நிமிடத்தில் முப்பது கடி.

தம்பி அழவில்லை. பழக்கதோஷம்... கடிகளை எண்ணி முடித்தான்.

"நாற்பத்தேழும் போச்சுக்கா. காபியில நாற்பத்தாறைத்தான் கலந்தேன். கொசுவை மட்டுந்தான் அது ஒண்ணும் பண்ணல."

கூண்டக்கா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்தது.

தம்பி வலது கையை நீட்டினான். விலங்கை எடுத்த இன்ஸ்பெக்டர் போதாது என்று தலையசைத்தார்.

"ஒரு கை எப்படி சார் போதும்? அந்தக் கையையும் குடுங்க... ஒப்பிடணும்ல?"