நண்டு உரிக்கத் தெரியாதவன்

மழை மட்டும் வராமல் இருந்திருந்தால் அவன் அந்த அசைவ ஓட்டலுக்குள் கால் வைத்திருக்கவே மாட்டான்.

தில்லை நகரே நனைந்துகொண்டிருந்தது. மூலை மேஜையில் ஒரு தட்டு நண்டு மசாலாவுக்கு முன்னால் ஜென்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். காலையிலிருந்து ஊரார் கால்களை மடக்கி நீட்டி அவளுக்கு உடம்பே இற்றுப்போயிருந்தது. அம்மா போனதிலிருந்து, வீட்டில் நண்டு வைத்தால் ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து அப்பா தட்டிலும் அண்ணன் தட்டிலும் வைப்பது அவள் வேலை. அவள் தட்டுக்கு வரும்போது குழம்புதான் மிச்சம். அதனால்தான் இன்று தனியாக... யாரிடமும் சொல்லாமல்... ஒரு முழு நண்டு. ஆனால் வந்து உட்கார்ந்தவளுக்கு அதை உடைக்கக்கூடத் தெம்பில்லை.

"இங்க உட்காரலாமா?"

நிமிர்ந்தாள். நனைந்த சட்டை, நெற்றியில் சொட்டும் முடி, அதற்குக் கீழே இரண்டு பெரிய கண்கள்... யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிற கண்கள். வேறு இடம் காலியில்லை. தலையசைத்தாள். அவன் கையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவை மேஜைமேல் வைத்தான். அவள் தட்டைப் பார்த்தான். உடனே கைக்குட்டையை எடுத்து டப்பாவை மூடினான்.

"என்னங்க அது?"

"இல்ல... அது இதைப் பார்க்க வேண்டாமேன்னு."

கைக்குட்டையை லேசாக விலக்கிக் காட்டினான். ஈர மணல்மேல் ஒரு சங்கு. அதற்குள்ளிருந்து குட்டி நண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. ஜென்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான்.

பெயர் மாதவன். வீடு ஸ்ரீரங்கம். டுடோரியலில் கணக்கு வாத்தியார். அவன் அம்மா ராமேஸ்வரம் போனபோது அழகாக இருக்கிறதே என்று ஒரு சங்கை எடுத்து வந்து பூஜையறையில் பெருமாளுக்குப் பக்கத்தில் வைத்தாராம். காலையில் பார்த்தால் சங்கு துளசித் தட்டை நோக்கி நடந்துகொண்டிருந்ததாம். பெருமாள் சன்னிதியில் நடந்ததை யார் தூக்கிப் போடுவது? அப்படித்தான் வீட்டில் தங்கிவிட்டது. இப்போது கதவிடுக்கில் மாட்டிக் கால் ஒன்று ஒடிந்துவிட்டது. மாட்டு டாக்டர் சிரித்தே அனுப்பிவிட்டார்.

"முளைக்குமாங்க?" என்று கேட்டான்.

முளைக்கும் என்றாள். பழைய ஓட்டைக் கழற்றும்போது புதுக் கால் வரும், மார்க்கெட்டில் ஒரு கால் மட்டும் சிறுத்த நண்டை எத்தனையோ பார்த்திருக்கிறாள். அமாவாசைக்கு வாங்கினால்தான் சதை கெட்டியாக இருக்கும் என்றும் பேச்சுவாக்கில் சொன்னாள்.

"எங்காத்துல அமாவாசைன்னா தர்ப்பணம்ங்க," என்றான் பாவமாக.

அந்த ஒடிந்த காலைப் பற்றி விசாரிக்கத்தான் அவள் முதலில் போன் செய்தாள். பிறகு விசாரிக்க எதுவும் இல்லாமலும் செய்தாள். வேலை முடிந்த சாயங்காலங்களில் ஆற்றங்கரை அம்மா மண்டபத்துப் படிகளில் உட்கார்ந்தார்கள். அதிகம் பேசவில்லை. அவன் பக்கத்தில் சும்மா இருக்கலாம்... அதுவே அவளுக்குப் பெரிய ஓய்வாக இருந்தது.

கல்யாணம் வரை பேச்சு வந்த ஒருநாள் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "கல்யாணத்துக்கு அப்புறம்... நண்டு மட்டும் விட்டுடலாமே? அம்மாவுக்காக."

மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் அவளுக்குள் ஏதோ அறுந்துபோயிற்று. இவனும் என் தட்டிலிருந்துதான் எடுக்கிறான்!

"எனக்கு அலுத்துப் போச்சுங்க," என்று எழுந்து வந்துவிட்டாள். அப்புறம் அவன் கூப்பிட்டபோதெல்லாம் அவள் போனை எடுக்கவில்லை.

மழையெல்லாம் ஓய்ந்து வெயில் காலம் தொடங்கியபோது ஒரு மெசேஜ் வந்தது. 'அது செத்துப்போச்சு. கொள்ளிடத்துல விடப் போறேன்.' போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். கால்கள் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டன.

கொள்ளிடக் கரையில் டப்பாவோடு நின்றான். சங்குக்கு வெளியே மணலில் கொடுக்கும் கால்களும் கலைந்து கிடந்தன. அவன் கண்கள் சிவந்திருந்தன. அவள் அவற்றை அள்ளி எடுத்து, மார்க்கெட்டில் பார்க்கிற பழக்கத்தில், உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள். காலை அழுத்தினாள். பொக்கென்று அமுங்கியது.

"இதுல சதையே இல்லைங்க. கழட்டிப் போட்ட ஓடு இது."

சங்கை எடுத்து வெயில் பக்கம் சாய்த்தாள். உள்ளே மெத்தென்று ஏதோ சுருண்டுகொண்டது. கால்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வெளிறி, நூலாய்... புதுசாய்.

மாதவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். நீங்க வராம இருந்திருந்தா உயிரோட ஆத்துல விட்டிருப்பேனே என்றான். நண்டு தின்கிறவளுக்குத்தான் இது தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? போயிட்டு வரேன் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் அதே ஓட்டலுக்கு வரச் சொன்னான். வேலை முடிந்து அசந்துபோய் வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மூலை மேஜையில் மாதவன். முன்னால் ஒரு நண்டு. முகத்தை ஒரு பக்கமாய்த் திருப்பிக்கொண்டு, ஒரு காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கட்டைவிரலில் ரத்தம். எதிர் இலையில் வெள்ளைச் சதை கொஞ்சமாய்ச் சேர்ந்திருந்தது.

"என்ன பண்றீங்க?"

"வீட்டுல நம்மளப் பத்திச் சொல்லிட்டேன். அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசல. வாடகைக்கு வீடு பார்த்துண்டிருக்கேன்..." இலையை அவள் பக்கம் நகர்த்தினான். "நான் சாப்பிட மாட்டேன். இந்த வாசனையும் இன்னும் ஒத்துக்கல. ஆனா நீங்க நண்டு சாப்பிடறதை விட வேண்டாம், ஜென்சி. உரிக்கறதை மட்டும் விட்டுடுங்க. இனிமே அதை நான் பார்த்துக்கறேன்."

அவளுக்கு ஒருவரும் இதுவரை உரித்துத் தந்ததில்லை. உட்கார்ந்தாள். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். கண் நிறைந்து இலை மங்கலாகத் தெரிந்தது.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்ங்க..." என்றாள். பல்லில் கடிபட்ட ஓட்டுத் துண்டை, அவன் பார்க்காத நேரம் எடுத்து இலையோரம் வைத்தாள்.