மூன்றாவது வளைவில் மஞ்சள் துண்டு

குணசுந்தரி வேன் ஓட்டினால் பெட்டியில் இருக்கும் ஐஸ் உருகக்கூட நேரம் இருக்காது என்று காசிமேட்டில் சொல்வார்கள். வாரம் முழுக்க மீன் வேன் ஓட்டுபவர் அவர். இன்று ஞாயிற்றுக்கிழமை. தலையில் பெரிய ஹெல்மெட்டோடு ஊருக்கு வெளியே இருக்கும் கார் பந்தய மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய மகள் எழில்மொழி ஆறாம் வகுப்பு. கல்மண்டபத்தில் அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு வாரமாகப் பந்தயக் கொடிகளின் படம் ஒட்டியிருந்தது. அம்மா சோறு வடிக்கும்போதுகூட அவள் கேள்வி கேட்பதை விடவில்லை.

“நீலம்?”

“பின்னால வேகமா ஒரு கார் வருது. வழி விடணும்.”

“மஞ்சள்?”

“ஆபத்து. வேகத்தைக் குறைக்கணும். யாரையும் முந்தக் கூடாது. போதுமாடி?”

போதாது. மஞ்சளை மட்டும் அவள் தினமும் பத்துத் தடவை கேட்டாள். போன பந்தயத்தில் அம்மா மஞ்சள் கொடியைக் கவனிக்காமல் ஒரு காரை முந்திவிட்டார். அவ்வளவுதான், பட்டியலில் இருந்து பெயரையே எடுத்துவிட்டார்கள். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இது இந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். பதினைந்து கார்கள், பன்னிரண்டு சுற்றுகள். புதிதாக ஓட்டுபவர்கள் முதல் பத்து இடத்துக்குள் வந்தால்தான் அடுத்த ஆண்டும் பந்தய கிளப் தன் காரைக் கொடுக்கும். இல்லாவிட்டால் அம்மாவுக்கு மறுபடி மீன் வேன் மட்டும்தான்.

“இன்னா குணா, பயமா கீதா?” என்று கேட்டார் எழில்மொழியின் நைனா பாஸ்கர். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். எந்த அலைக்கும் அசராதவர். ஆனால் மனைவி பந்தயக் காரில் ஏறினால் மட்டும் அவர் ஓரிடத்தில் நிற்க மாட்டார்.

“பயமா? எனக்கா? பத்துக்குள்ள வந்தே தீருவேன். பார்த்துக்கினே இரு!” என்று சொல்லிவிட்டு அம்மா காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

எழில்மொழியும் நைனாவும் மூன்றாவது வளைவில் வேலி ஓரமாக இடம் பிடித்தார்கள். நாலடி தள்ளி, கொடி காட்டுபவர் தன் கூண்டில் நின்றிருந்தார்.

பந்தயம் தொடங்கியது. முதல் சுற்றில் அம்மா பத்தாவதாக வந்தார். நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. கழுத்தில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றினார்.

“வா குணா, வா, வா!”

காசிமேட்டில் படகு திரும்பும்போது கரையில் நிற்பவர்கள் அப்படித்தான் துண்டை வீசிக் கூப்பிடுவார்கள். கடலுக்குப் போகாத நாளெல்லாம் இருபது வருடமாகக் கரையில் நின்று வீசிப் பழகிய கை, சும்மா இருக்குமா? ஒவ்வொரு சுற்றிலும் துண்டு சுழன்றது.

மூன்றாவது சுற்றில் அம்மா பதினொன்றாவது. ஐந்தாவதில் பன்னிரண்டாவது. எழில்மொழிக்கு அழுகை முட்டியது. நேர்ச் சாலையில் அம்மா பறக்கிறார். இந்த வளைவுக்கு வந்ததும் மட்டும் எஞ்சின் சத்தம் பொசுக்கென்று இறங்கிவிடுகிறது. ஏன்?

ஆறாவது சுற்றில் அவள் காரைப் பார்க்கவில்லை. அம்மாவின் ஹெல்மெட்டைப் பார்த்தாள். அது வேலிப் பக்கம் திரும்பியது. இங்கே அப்படி என்ன இருக்கிறது?

அவள் அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே நைனாவின் துண்டு பறந்துகொண்டிருந்தது. நல்ல பளீர் மஞ்சள்!

வேகமாக வரும்போது கொடி எது, துண்டு எது என்று எப்படித் தெரியும்? பழகிய ஓட்டுநர்கள் கூண்டை மட்டும்தான் பார்ப்பார்கள். அம்மா ஒரு முறை சூடுபட்டவர். எங்கே மஞ்சள் தெரிந்தாலும் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்.

சத்தம் போட்டு நிறுத்தலாம். ஆனால் நைனாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. “புருஷன்னா இப்படி இருக்கணும்,” என்று பக்கத்தில் நின்ற பெண் ஒருவர் வேறு அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார். இத்தனை பேர் நடுவில் அவர் முகம் வாடிப்போவதைப் பார்க்க எழில்மொழிக்கு மனம் வரவில்லை. அடுத்த சுற்றும் நெருங்கிவிட்டது.

“நைனா, எனக்கு ஒண்ணும் தெரில. தோள்ல தூக்கிக்கோ!”

“இம்மாம் பெரிய பொண்ணையா?”

“சீக்கிரம், நைனா!”

நைனா முக்கி முனகித் தூக்கினார். அவள் துண்டை வாங்கி மடித்து மடியில் அமுக்கிக்கொண்டாள். “என் காலை ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சுக்கோ. வுட்டா நான் வுழுந்துடுவேன்.”

அம்மாவின் கார் வந்தது. ஹெல்மெட் வேலிப் பக்கம் திரும்பியது. மஞ்சள் இல்லை. இந்த முறை எஞ்சின் சத்தம் இறங்கவே இல்லை. கார் உறுமிக்கொண்டே வளைவைக் கடந்தது.

எழில்மொழி குனிந்து நைனாவின் காதில் கேட்டாள். “மஞ்சள்னா இன்னா, நைனா?”

“ஆபத்து. வேகத்தைக் குறை...” நைனாவின் வாய் பாதியிலேயே நின்றது. “அய்யய்யோ! நானாம்மா?”

“அத்த அப்புறம் நீயே அம்மாகிட்ட சொல்லிடு. இப்ப கையை மட்டும் எடுக்காத.”

நைனா எடுக்கவில்லை. அவர் பிடித்த பிடியில் அவளுக்குக் கால் மரத்தே போனது.

பத்தாவது சுற்றில் அம்மா பதினொன்றாவது. கடைசிச் சுற்றில் முன்னால் பத்தாவது இடத்தில் ஒரு நீலக் கார் மட்டும் வழியை அடைத்துக்கொண்டு போனது. மூன்றாவது வளைவில் அது கொஞ்சம் அகலமாகத் திரும்பியது. அந்த இடைவெளி போதும் அம்மாவுக்கு. ஐஸ் உருகுவதற்குள் சந்தைக்குப் போகிற அதே வேகத்தில் உள்ளே புகுந்து முந்திவிட்டார்!

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. “பத்தாவது இடம், குணசுந்தரி!”

நைனாவும் மகளும் போட்ட கூச்சலில் பக்கத்தில் இருந்த பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார்.

“பத்தாவது இடத்துக்கா இவ்வளவு சத்தம்?”

“இன்னா அங்கிள் இப்டி சொல்றீங்க?” என்றாள் எழில்மொழி. “அடுத்த வருஷமும் எங்கம்மா ரேஸ் ஓட்டும்!”