சாட்சி வாசகர்

பொள்ளாச்சியில் வெள்ளிக்கிழமை காலை கடை திறப்பதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு ஒரு வேலை நடக்கும். தண்டபாணியின் வீட்டிலும் நடந்தது. அடுப்பில் பால் பொங்குவதற்குள் அவர் மனைவி கோகிலவாணி கண் வரிவரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் விழிமானியைக் கண்ணாடி மாதிரி மாட்டிக்கொண்டு, கணவரின் மெத்தைக்கடை வலைப்பூவில் ஏறவேண்டிய புதிய பதிவை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். இலவம்பஞ்சு மெத்தையில் படுத்தால் இடுப்பு வலி எப்படி ஓடிப்போகும் என்று அவர் விளக்கியிருந்தார். போன வாரமும் அதே இடுப்புதான். படித்து முடித்ததும் மானியில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் கட்டைவிரலை வைத்தாள். பதிவு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

சொல்லாலை எந்திரங்கள் ராப்பகலாக எழுதித் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. எது மனிதர் எழுதியது, எது எந்திரம் எழுதியது என்று தெரியாமல், மக்கள் இணையத்தில் எதையும் நம்பிப் படிப்பதையே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் சாட்சி வாசகர் சட்டம். எழுதியவரைத் தவிர உயிருள்ள வேறொருவர் முழுக்கப் படித்து விரல் வைக்காமல் எந்தப் பதிவும் வெளியே வராது. ஒருவர் ஒரு வலைப்பூவுக்குத்தான் சாட்சியாக இருக்கலாம். கூலிக்கு ஆள் வைத்துப் படிக்கச் சொல்லவும் வழியில்லை. ஆகவே கடைக்காரர்கள் எழுத, அவர்கள் வீட்டுப் பெண்கள் வாரம் தவறாமல் படித்தார்கள். சட்டம் போட்டவர்கள் இதை எதிர்பார்த்தார்களோ என்னவோ, தண்டபாணிக்கு மிகவும் வசதியாக இருந்தது.

"ஏனுங்க, நானும் ஒரு வலைப்பூ ஆரம்பிக்கலாம்னு இருக்கறேன்" என்றாள் கோகிலவாணி, மானியைக் கழற்றிக்கொண்டே.

"எதை விக்கப்போற?"

"விக்கறதுக்கு இல்லீங்க. எழுதறதுக்கு."

தண்டபாணிக்கு அது பிடிபடவில்லை. ஒன்றையும் விற்காமல் எதற்கு எழுதவேண்டும்? ஆனாலும் அவர் கெட்ட மனிதர் அல்ல. "சரி, எழுது. யாரு தடுத்தா?" என்றார்.

"நீங்கதான் சாட்சி உக்காரணும்."

"அதுக்கென்ன, உக்காந்தாப் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தார். கோகிலவாணி பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். படிப்பவரின் கண் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரி திரையில் மஞ்சளாகத் தெரியும். பலபேர் இரண்டு வரி தாவி மாட்டிக்கொள்வார்கள். மானி சிவப்பைக் காட்டி மறுபடி முதலிலிருந்து படிக்க வைக்கும். தண்டபாணி ஒரு வரிகூடத் தாவவில்லை. மெத்தைத் தையலைச் சரிபார்த்தே பழகிய கண் அது. ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை, அது முடிந்தால் அதற்கடுத்தது என்று நிதானமாக ஓடியது. மனசு மட்டும் உடுமலைக்கு அனுப்பவேண்டிய கல்யாண மெத்தைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. விரலை வைத்தார்.

"எப்படிங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்குது. எங்கயும் பிசிறே இல்ல."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லீங்களா?"

"வேறென்ன? அருமையா வந்திருக்குது" என்று சொல்லிவிட்டு உடுமலைக்காரரைக் கூப்பிடப் போய்விட்டார். பெண்டாட்டிக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தி அன்று முழுக்க அவருக்கு இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பக்கத்துக் காப்பித்தூள் கடைச் சாரதாமணி அவர் கடைக்குள் வந்தாள். "உங்களுக்குப் பெரிய மனசுங்கண்ணா. எங்க வீட்டுக்காரரா இருந்தா இந்நேரம் வீட்டையே ரெண்டு பண்ணியிருப்பாரு."

"எதுக்குங்க?"

"கோகிலாக்கா வால்பாறைக்குப் போறதுக்குத்தான்."

தண்டபாணி சிரித்துச் சமாளித்தார். அவள் போனதும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து மனைவியின் வலைப்பூவைத் திறந்தார். மானியும் இல்லை, மஞ்சள் வரியும் இல்லை. இந்தமுறை கண் தடுக்கித் தடுக்கித்தான் போயிற்று.

'வால்பாறைச் சோலைக்காட்டை மறுபடி வளர்க்கும் நாற்றுப்பண்ணையில் இரண்டு வருட வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கேயே தங்கவேண்டும். வாயால் சொன்னால் என் கணவர் பாதியிலேயே எழுந்து கடைக்குப் போய்விடுவார். எழுதினால் முழுக்கப் படித்துத்தானே ஆகவேண்டும்? அதற்காகவே இந்த வலைப்பூ. படித்துவிட்டு அவர் போகாதே என்று சொன்னால் நான் போகமாட்டேன்.'

அவர் கடையைப் பாதியில் சாத்தியது அதுதான் முதல் தடவை.

வீட்டில் கோகிலவாணி கம்பளிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"நான் நேத்துப் படிக்கல, கோகிலா. கண்ணு ஓடுச்சு, அவ்வளவுதான்."

"தெரியுமுங்க."

"மானி பச்சை காட்டுச்சே?"

"மானி உங்க கண்ணைப் பாத்துச்சு. நான் உங்க மூஞ்சியப் பாத்துட்டிருந்தேன். போகாதன்னா போகமாட்டேன்னு எழுதின வரி மஞ்சளாச்சு. உங்க மூஞ்சில ஒண்ணுமே ஆகல."

தண்டபாணி வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். "இப்ப முழுசாப் படிச்சுட்டேன். இப்பச் சொல்றேன், போகாத."

அவள் கையிலிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கோபம் இருந்தால் திட்டியிருப்பாள், திட்டு வாங்கிக்கொள்ள அவரும் தயாராகவே இருந்தார்.

"நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா சந்தோசமா நின்னிருப்பனுங்க. இன்னிக்குக் காலைல பண்ணைக்காரங்ககிட்ட வரேன்னு சொல்லிட்டேன். சொல்லும்போது மனசுக்கு லேசா இருந்துச்சு. அதையும் உங்ககிட்ட மறைக்கல."

அவர் சுவரோரமாக உட்கார்ந்தார். பிறகு அவரே ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"அங்க போயும் எழுதுவியா?"

"எழுதணும்னுதான் இருக்குது. சாட்சிக்கு அங்க யாரையாச்சும் கேட்டுப் பாக்கணும்."

"யாரையும் கேக்காத. நானே படிக்கறேன்."

கோகிலவாணி அவர் முகத்தைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள்.

"மெதுவாப் படிங்க" என்றாள்.