நாலாவது பெட்டி

நாலாவது பெட்டியில் யாரோ இருமினார்கள்.

ஏலத்தோட்ட முதலாளி வெள்ளைத்துரை ஊசியைத் தூக்கினார். புதிதாக வந்த ஜப்பான் ரிசீவரோடு சேர்ந்திருந்த சோதனை இசைத்தட்டில் எந்தச் சத்தத்துக்குப் பின் எந்தச் சத்தம் வரும் என்பது மூன்று நாளில் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. முதலில் மழை. அடுத்து, முன்னால் இடப்பக்கம் கிளம்பித் தலையைச் சுற்றிக்கொண்டு பின்னால் வலப்பக்கம் போய் மறைகிற ரயில். கடைசியில் மரத்தரையில் நடக்கும் ஒருவனின் பூட்ஸ். இருமல் அதில் கிடையாது.

ஊசியைப் பின்னுக்கு வைத்து மறுபடி ஓட்டினார். மழை, ரயில். ரயில் தேய்ந்த இடத்தில், முதுகுக்குப் பின்னால், வலது மூலையில், புகை தொண்டையில் சிக்கியவனின் வறட்டு இருமல் இரண்டு.

"ஒனக்குக் கேட்டுச்சா?" என்றார்.

அவர் கேட்டது தவசியிடம். ஏலக்காய் உலர்த்தும் அடுப்புக்குத் தீப் போடுகிறவன். ஈரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலைத் தாண்டாமல் நின்றிருந்தான்.

"கேட்டுச்சு மொதலாளி. சுடலையண்ணே இப்பிடித்தான் இருமுவாரு."

"வாயக் கழுவு. தட்டுல கீறல்."

"கீறலாத்தான் இருக்கும்" என்றான் தவசி. அந்தக் குரலில் மரியாதை இருந்தது, வேறொன்றும் இல்லை.

எழுபத்தொன்பதாம் வருசம், ஐப்பசி. போடிமெட்டுக்கு மேலே நாலு நாளாக மழை விடவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கே ஜீப்புகள் விளக்குப் போட்டுக்கொண்டு வளைவுகளில் இறங்கின. மச்சினன் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் அனுப்பிய ரிசீவர் அந்த மழைக்குள்தான் மலையேறி வந்தது. நாலு ஸ்பீக்கர் பெட்டி, சத்தத்துக்குத் தகுந்தபடி ஆடுகிற நாலு முள், நீல வெளிச்சம். போடியில் சினிமாக் கொட்டகை வைத்திருக்கும் ஜக்கையன் ஞாயிற்றுக்கிழமை கேட்க வருவதாக இருந்தது. தன் கொட்டகைச் சத்தம் தகரத்தில் கல் விழுகிற மாதிரி இருப்பதை அவன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். வெள்ளைத்துரைக்கு இப்படிப்பட்ட ஆசைகள்தான் பெரிய ஆசைகள்.

காதைப் பற்றி அவருக்கு அத்தனை கர்வம். கைப்பிடிக் காயைக் காதருகே குலுக்கி, இன்னும் ரெண்டு மணி நேரம் காயணும் என்று சொல்வார், சரியாக இருக்கும். அந்தக் காதுக்குத் தகுந்த இடமாகத்தான் பழைய ஸ்டோரைத் தேர்ந்தெடுத்தார். ஏலக்காய் உலர்த்துவதற்காக அவர் அப்பா கட்டிய கல் அறை. சன்னல் இல்லை, ஒரே கதவு. அடுப்பு வெளியே. அடுப்பிலிருந்து தொடை பருமனுக்கு ஒரு இரும்புக்குழாய் சுவரைத் துளைத்து உள்ளே வந்து, கணுக்கால் உயரத்தில் நாலு சுவரையும் சுற்றி, வலது பின்மூலையில் மேலேறிக் கூரைக்கு வெளியே போகும். புகை குழாய்க்குள்ளேயே போய்விட, சூடு மட்டும் அறையில் இறங்கும். காய் பரப்பும் சட்டங்களைப் பிடுங்கிவிட்டு, போடியிலிருந்து இலவம்பஞ்சு மெத்தைகள் வரவழைத்துக் கதவு உட்படச் சுவர் முழுக்க அறைந்திருந்தார். உள்ளே வெடி போட்டாலும் வெளியே கேட்காது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

குழாயை மட்டும் விட்டுவைத்தார். அதைப் பிடுங்கினால் சுவர் இடியும்.

"மொதலாளி, புது ஸ்டோரு நெறஞ்சுபோச்சு" என்றான் தவசி. "பதினஞ்சு மூட்டை பச்சைக்காய் வெளிய கெடக்கு. நாளைக்குக் கறுத்துரும். இங்கிட்டு அடுப்புல வெறகு அடுக்கித்தேன் வச்சிருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா..."

"என் பெட்டிக மேல காயக் கொட்டச் சொல்றியா? போ. வெளிய தாழ்ப்பாளப் போட்டுட்டுப் போ. அரை மணி கழிச்சு வந்து தெற."

வெளித் தாழ்ப்பாள் போட்டால்தான் அந்தக் கதவு நிலையோடு அழுந்தி உட்காரும். சூடு வெளியேறக் கூடாது என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். சத்தமும் அப்படித்தான் வெளியேறாது.

தவசி சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டான். குழாயைப் பார்த்தான். பிறகு கதவு மூடியது, தாழ்ப்பாள் விழுந்தது, மழைச் சத்தம் வெட்டுப்பட்டது.

வெள்ளைத்துரை நாற்காலியை நாலு பெட்டிக்கும் நடுவே சரியாக இழுத்துப் போட்டார். பஞ்சின் புழுக்கமான வாசனைக்கு அடியில் பழைய ஏலக்காயின் நெடி இன்னும் இருந்தது. எத்தனை முறை கழுவியும் கல் அதை விடவில்லை. அந்த நெடி வந்தாலே சுடலையும் வந்துவிடுவான். அதுதான் அவருக்குப் பிடிக்காதது.

மலையில் ஒரு முறை உண்டு. குளிர் தாங்காமல் வேலையாட்கள் சூடு ஆறாத ஸ்டோருக்குள் நுழைந்து சட்டங்களுக்கு அடியில் படுத்துவிடுவார்கள். அதனால் தீப் போடுவதற்கு முன் கதவைத் திறந்து நின்று, "உள்ள ஆளிருக்கா?" என்று மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால்தான் தாழ்ப்பாள், அதன் பிறகுதான் தீ. எந்த எஸ்டேட்டிலும் இதை யாரும் மீறுவதில்லை.

இரண்டு வருசத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மழையில், ஏலச் சந்தைக்குச் சரக்கு இறங்க வேண்டிய அவசரத்தில், வெள்ளைத்துரை குடைக்கு வெளியே கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தள்ளினார். அவ்வளவுதான். கதவைத் திறக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. "கூப்புட்டாச்சு. தீயப் போடு" என்றார். தவசி போட்டான். கால்மணி நேரம் போனதும், "குழாய்ல தட்டுற சத்தம் கேக்குதே மொதலாளி" என்றான். "சூடானா இரும்பு அப்படித்தான் சத்தம் போடும். வெறகத் தள்ளு" என்றார். மறுநாள் கதவைத் திறந்தபோது வலது பின்மூலையில், குழாய் மேலேறுகிற இடத்தில் இணைப்பு விரிசல் விட்டிருந்தது. அதன் கீழே சுடலை குப்புறக் கிடந்தான். விரல்கள் வெந்திருந்தன.

விசாரிக்க வந்தவர்களிடமும், சுடலையின் பெண்டாட்டி சுப்புத்தாயிடமும் அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். மூணு தடவை கூப்பிட்டேன், உன் புருசனுக்குக் காது மந்தம். அவள் அவருடைய காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகட்டும். அவர் தட்டை ஓட்டினார்.

மழை நாலு பக்கமும் இறங்கியது. நல்ல சத்தம், தனித்தனித் துளியாக. ரயில் வந்தது. வலது காதைக் கடந்து பின்னால் போனது. இருமல். இந்த முறை மூன்று.

நாலாவதான பின்வலது பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். இனி மூன்று பெட்டிதான். மழை, ரயில். ரயில் பின்வலது மூலைக்குப் போய்ச் சேராமல் பாதியில் அறுந்தது. அறுந்த இடத்தில் இருமல் வந்தது.

பிடுங்கிய ஒயர் அவர் கையில் இருந்தது.

ரிசீவரைப் பார்த்தார். மூன்று முள் படுத்திருந்தன. நாலாவது முள் மெல்ல எழுந்து, விழுந்து, எழுந்தது. மூச்சுக்குத் தகுந்தபடி. யாருடைய மூச்சு என்று அவர் யோசிக்க விரும்பவில்லை. பயம் வந்துவிட்டது. ஐம்பது ஏக்கர்க்காரர், கையிலிருந்த ஒயரை எறிந்தார்.

சுவரிலிருந்து பிளக்கை உருவினார். தட்டு தயங்கித் தயங்கி நின்றது. நீல வெளிச்சம் அணையவில்லை.

மரத்தரையில் பூட்ஸ் சத்தம். இல்லை, பூட்ஸ் இல்லை. வெறுங்கால். கல் தரையில். முன்னிடது மூலையிலிருந்து முன்வலதுக்கு. அங்கிருந்து பின்னால். குழாயை ஒட்டியே நடக்கிறது. பின்வலது மூலையில் வந்து நின்றது.

கதவுக்கு ஓடினார். மெத்தைமேல் குத்தினார். முஷ்டி பஞ்சில் புதைந்தது. "தவசி" என்று கத்தினார். வாய்க்கு வெளியே ஒரு சாண் போனதுமே குரல் செத்தது. அவரே காசு கொடுத்து, ஆள் வைத்து, அளவு பார்த்து அறைந்த மெத்தைகள். பிய்த்தார். நகம் பிய்ந்தது. மெத்தைக்குப் பின்னால் இன்னொரு மெத்தை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. பெட்டியிலிருந்து இல்லை. குழாயிலிருந்து. வெளியே அடுப்பின் இரும்புக்கதவு திறக்கும் கிறீச்.

வெளிச் சத்தம் அறைக்குள் வர அந்தக் குழாய் ஒன்றுதான் வழி என்பது வெள்ளைத்துரைக்கு உறைத்தது. ஆறுதலாகக்கூட இருந்தது. தவசி அங்கே நிற்கிறான். ஆனால் கூப்பிடாமல் போட மாட்டான். அவன் முறை தவறாதவன். கதவைத் திறந்து மூணு குரல் கொடுப்பான். முதல் குரலுக்கே பாய்ந்து வெளியே போய்விடலாம். கதவோடு ஒட்டி நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வைத்துக்கொண்டார்.

காத்திருந்தார்.

குரல் வரவில்லை.

பின்வலது மூலையில், ஒயர் இல்லாத பெட்டியில், யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு பேசினார்கள். தெளிவான, அலட்சியமான, கொஞ்சம் அவசரப்படுகிற குரல். அவருடைய குரல்.

"கூப்புட்டாச்சு. தீயப் போடு."

குழாய் வழியாக, தூரத்தில், தவசி சொன்னான். "சரிங்க மொதலாளி."

விறகு வெடித்தது. குழாய்க்குள் காற்று இழுக்கும் உறுமல் நாலு சுவரையும் ஒரு சுற்றுச் சுற்றியது. முன்னிடது. முன்வலது. பின்னால். ரயில் போன வழியேதான்.

வெள்ளைத்துரை தரையில் விழுந்து குழாயைத் தட்டினார். கையால். மோதிரத்தால். நாற்காலிக் காலால். இரும்பு வெதுவெதுத்தது. சுட்டது. விரிசலிலிருந்து ஒரு நூல் புகை எட்டிப் பார்த்து, நாலாவது பெட்டியைத் தடவி, மேலே ஏறியது. அவர் இருமினார். இருமல் எப்படி இருந்தது என்று அவருடைய காதுக்குத் தெரிந்தது.

தட்டினார். தட்டினார். தோல் குழாயில் ஒட்டிக்கொண்டு வந்தது.

வெளியே காலடி நின்றது. "குழாய்ல தட்டுற சத்தம் கேக்குதே மொதலாளி" என்றான் தவசி.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். புகைதான் உள்ளே போனது.

நாலாவது முள் எழுந்தது.

"சூடானா இரும்பு அப்படித்தான் சத்தம் போடும்" என்றது பெட்டி. "வெறகத் தள்ளு."