இரண்டாம் அறையில் ஆளில்லை

மார்ச்சு மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. விடிந்தது முதல் வானம் கறுத்துக் கிடந்தது. மழையும் பெய்யவில்லை, காற்றும் வீசவில்லை.

காலை ஒன்பதே முக்கால் மணி. ஆப்பிள்களைச் சேமிக்கும் குளிர்பதனக் கிடங்கின் மூன்றாம் அறைக் கதவைத் திறந்த துப்புரவுப் பெண்மணி அலறினாள். உள்ளே, சோதனை மேசையின் மீது தலை கவிழ்ந்து ஒருவர் கிடந்தார். அவருடைய விரல்களுக்கிடையே ஒரே ஒரு கடி பட்ட ஆப்பிள் இருந்தது. கடித்த மாத்திரத்தில் பழத்தின் தரத்தைச் சொல்லிவிடும் அவரைக் கிடங்கில் அனைவரும் ‘அரைக்கடி’ என்றே அழைப்பர். உயிர் இருந்தது; நினைவு இல்லை.

பத்தரை மணிக்கு ஆய்வாளர் வந்து சேர்ந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். முதலில் அவர் கவனித்தது கதவை. அது பூட்டப்படவில்லை. உட்புறக் கைப்பிடி குழந்தை தொட்டாலும் திறக்கக்கூடியது. எனில், அந்த மனிதர் ஏன் எழுந்து வெளியே வரவில்லை?

விடை மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் வந்தது.

“உள்ள முழுக்க நைட்ரஜன் ரொம்பியிருக்கு மேடம். வாசனை கிடையாது, மூச்சும் முட்டாது. மயக்கம் வருதுன்னு தெரியறதுக்குள்ள மயங்கியிருப்பார்.”

“பொழைப்பாரா?”

“சாயங்காலம் தாண்டுறது கஷ்டம்.”

பழங்கள் கெடாதிருக்க அவ்வறைக்குள் நைட்ரஜன் செலுத்துவது வழக்கம். அதனைச் செலுத்தும் தானியங்கி ஏற்பாட்டை அமைத்தவர் அரைக்கடியின் மனைவி. அவர் கட்டுப்பாட்டு அறையில், கணினித் திரைக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார்.

“நான்தான் மேடம் கொன்னேன். கூட்டிட்டுப் போங்க.”

“அத நான் சொல்றேன். வால்வை யார் தொறந்தா?”

“யாரும் தொறக்க வேண்டாம். மூணு விஷயம் ஒண்ணா சேந்தா அதுவே தொறந்துக்கும். கதவு மூடியிருக்கணும். குளிர் நாலு டிகிரிக்குக் கீழ வந்திருக்கணும். உள்ள கால் மணி நேரம் எந்த அசைவும் இருக்கக் கூடாது. ஆள் இருந்தா கை காலு அசையும், சென்சார் பாத்துடும், வாயு வராது.”

“இன்னிக்கு ஏன் வந்துச்சு?”

அவர் திரும்பித் திரையைக் காட்டினார். கதவு: மூன்றாம் அறை. குளிர்: மூன்றாம் அறை. அசைவு: இரண்டாம் அறை.

“புது அறை வந்தா பழைய அறையோட நிபந்தனைய அப்படியே நகலெடுத்து, எண்ண மட்டும் மாத்துவோம். இங்க எல்லாருமே அப்படித்தான். ரெண்டு எடத்துல மாத்தியிருக்கேன், மூணாவத விட்டுட்டேன். அவரு இந்த அறையில கையாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு, மெஷின் பக்கத்து அறையப் பாத்து ‘ஆளே இல்ல’ன்னு நெனச்சிருக்கு.”

“மாத்தின ஞாபகம் இல்லையா?”

“மாத்தினதாத்தான் ஞாபகம். ஆனா நாள் முழுக்க இதே வேலைதானே மேடம்? எந்த அறைய மாத்தின ஞாபகம்னு கேட்டா எனக்கே நம்பிக்கையில்ல.” அவர் மீண்டும் திரைக்கு முதுகு காட்டினார். “போன வருஷப் பழத்தப் புதுப் பெட்டியில போடுறாங்க, இன்னிக்கு மொதலாளி வந்ததும் சொல்லிடணும்னு பொலம்பிக்கிட்டே காலையில கெளம்பினாரு. ‘மொதல்ல சாப்பிட்டுப் போங்க’ன்னு கத்தினேன். கடைசியா பேசினது அதான்.”

மேசை மீதிருந்த அலைபேசி ஒலித்தது. பேசியவர் மாமியார், குரல் அறை முழுவதும் கேட்டது.

“எம் புள்ளையக் கொன்னுட்டு மொகத்த வேற காட்ட வருவியா? வாசப்படி மிதிச்ச, பெரியவன விட்டு வெளிய தள்ளுவேன்!”

“அத்தை சொல்றது சரிதானே மேடம்? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?” என்றார் மனைவி. கணவர் இறப்பதற்குள் ஒரு முறை அவரைக் காண வேண்டும் என்னும் தவிப்பு அவர் கண்களில் இருந்தது. கேட்கும் துணிவு இல்லை.

அடுத்து மேலாளர்.

“தங்கச்சி வேணும்னு செய்யல மேடம். நகல் எடுக்கறப்ப வர்ற தப்பு. கோர்ட்டுல நானே வந்து சொல்றேன்.”

“காலையில எங்க இருந்தீங்க?”

“லாரிகிட்ட. லோடு ஏத்தின அத்தன பேரும் பாத்தாங்க.”

“இந்தத் திரை உங்களுக்கும் தொறக்குமா?”

“மேலாளராச்சே, தொறக்கும். ஆனா வீட்டுல டிவி ரிமோட்டே எம் பொண்ணுதான் அமுக்கணும்!” அவர் சிரித்தார். உடன் சிரிப்பாரில்லை.

துப்புரவுப் பெண்மணி அழுது முடித்து, கோபத்தில் இருந்தாள்.

“மூணாவது அறைக்கு எதுக்குப் போனீங்க?”

“ரெண்டாவது அறையக் கழுவ விட்டாத்தானே? செவ்வாக்கெழமைன்னா அங்கதான் ஆரம்பிப்பேன். கதவத் தொறந்து கால் வைக்கப் போறேன், லாரிய விட்டுட்டு ஓடியாந்து மேலாளரு கையப் புடிச்சு இழுக்கறாரு. ‘தரை ஈரமா இருக்கு, காயட்டும், நீ போய் டீ குடி’ங்கறாரு. இத்தன வருஷத்துல பச்சத் தண்ணி குடின்னு சொன்னவரில்ல அந்த மனுசன்! சும்மா நிக்க மனசு வரல. மூணாவதக் கழுவட்டுமான்னு அரைக்கடி அண்ணன்கிட்ட கேக்கலாம்னு போனேன்...”

ஆய்வாளர் இரண்டாம் அறைக்குச் சென்றார். காலி அறை. தரையில் சருகும் தூசும் படிந்திருந்தன. அவருடைய காலணித் தடம் அச்செடுத்தாற்போல் விழுந்தது. வேறு தடம் ஒன்றும் இல்லை.

பிற்பகல் நான்கு மணி. மேலாளரும் மனைவியும் கட்டுப்பாட்டு அறைக்கு அழைக்கப்பட்டனர். கதவருகே ஏட்டு நின்றார்.

“ரெண்டாவது அறையில தரை ஈரம்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று ஆய்வாளர் மேலாளரைக் கேட்டார்.

“கழுவியிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“கழுவுறவங்களத்தானே வாசல்லயே நிறுத்தினீங்க? உள்ள எட்டிக்கூடப் பாக்கல. தூசி அப்படியே கெடக்கு.”

“அந்தக் காலி அறைக்கும் இதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்? தப்பு பண்ணினேன்னு தங்கச்சியே ஒத்துக்கிச்சு!”

“ஒத்துக்கிட்டாங்க. நானும் மத்தியானம் வரைக்கும் நம்பினேன்.” ஆய்வாளர் எழுந்து நின்றார். “அது மறதின்னா, இன்னிக்குக் காலையில அது யாருக்குமே தெரிஞ்சிருக்கக் கூடாது. ஆனா ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டாவது அறையில யாராவது தொடப்பத்த ஆட்டினாப் போதும், மூணாவது அறையில வாயு வராது. அதனால லோடு லாரிய அப்படியே விட்டுட்டு ஓடி வந்து, ஒரு காலி அறையக் காலியாவே வெச்சிருக்கீங்க. தெரியாத தப்புக்கு யாரும் காவல் நிக்க மாட்டாங்க.”

மேலாளரின் பார்வை கதவருகே நின்ற ஏட்டின் பக்கம் போனது.

“அவங்க மூணையும் சரியாத்தான் மாத்தியிருந்தாங்க. அதுல ஒண்ண நீங்க பழையபடி ரெண்டாக்கினீங்க. நகலெடுக்கற வழக்கம் இங்க எல்லாருக்கும் தெரியும். பழி தானா அவங்க தலையில விழும். மெஷின் வேலையப் பாத்துக்கும், நீங்க லாரிகிட்ட நிப்பீங்க. மொதலாளி வர்றதுக்குள்ள அரைக்கடி வாய மூடணும், அவ்வளவுதான்.”

“சாகணும்னு நெனக்கல...” என்றார் மேலாளர், தரையைப் பார்த்தவாறு. “போன வருஷச் சரக்க வெளிய சொல்லாதடான்னு கால்ல விழுந்து கேட்டேன் மேடம்.”

ஏட்டு அவர் தோளில் கை வைத்தார்.

மனைவி நாற்காலியைவிட்டு எழவில்லை. “அப்போ நான்... சரியாத்தான் வெச்சிருந்தேனா?”

“சரியாத்தான் வெச்சிருந்தீங்கம்மா. எழுந்திரிங்க, நேரமில்ல.”

காவல் வண்டியில் செல்லும்போதே ஆய்வாளர் மருத்துவமனைக்குப் பேசி, மாமியாரிடம் நடந்ததைச் சொன்னார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் கணவரின் அண்ணன் நின்றிருந்தார். அவர் தலை குனிந்து வழி விட்டார். உள்ளிருந்து மாமியார் வந்து, மருமகளின் இரு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டார்.

“காலையிலருந்து அவன் காதுல உன்னத் திட்டிக்கிட்டே இருந்தேன்டி. கேட்டிருப்பானோ என்னவோ. போ, நீ போய் மாத்திச் சொல்லு.”

மனைவி கட்டிலருகே மண்டியிட்டு, கணவரின் செவியில் வாய் வைத்தார். என்ன கூறினார் என்பது எவருக்கும் கேட்கவில்லை. அவர் கூறி முடிக்கும் வரையில் மூச்சு இருந்தது என்று செவிலி பின்னர் சொன்னாள். அம்மூச்சு நின்றபோது மணி மாலை ஐந்து இருபத்தொன்று.