குறைந்தபட்சம் இருவர்

குடையை மடக்கிய வேகத்தில், அதிலிருந்த மழை முழுவதையும் ஃபுயுமி ஒரு மேதையின் மீது தெளித்துவிட்டாள்.

மேதை என்று அப்போது அவளுக்குத் தெரியாது. ஜப்பானின் தொயாமா ரயில் நிலையத்தை ஒட்டிய அந்தச் சின்னச் சுற்றுலா அலுவலகத்தில், கழுத்தில் மெரூன் நிற ஸ்கார்ஃப் சுற்றிய ஒருவர் கவுன்ட்டரில் சாய்ந்து நின்றார். எதிரே அலுவலகத்து நிஷிதே-சான், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஐயையோ... மன்னிச்சிடுங்க!”

“பரவாயில்லைங்க. ப்ராக்ல ஏப்ரல் மழை இதைவிட மோசம்,” என்றார் அவர், கன்னத்தைத் துடைத்தபடி.

கண்கள்... மழை விட்ட பிறகு ஜன்னலில் தங்கும் துளி மாதிரி, சின்னதாய், பளிச்சென்று. வாய் திறக்காதவரை மிகவும் அழகான கண்கள்.

வாய் திறந்தார்.

“ப்ராக் போறதா இருந்தா, பாலத்துக்குக் காலையில ஏழு மணிக்கு முன்னாடி போயிடணும். அப்புறம் போனா பாலம் தெரியாது, முதுகுதான் தெரியும். மணிக்கூண்டுப் பொம்மைங்க வரும்போது எல்லாரும் அண்ணாந்து பார்ப்பாங்க. விவரம் தெரிஞ்சவங்க பர்ஸைப் பார்ப்பாங்க.”

“நிறைய தடவை போயிருக்கீங்களோ?”

“அதெல்லாம்... எண்ணி வச்சுக்கலைங்க.” அவள் கையிலிருந்த விளம்பரத் தாளைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார். “கூட்டத்தோட போறீங்களா? கொடி பிடிக்கிறவர் பின்னாடி, ஆட்டு மந்தை மாதிரி?”

ஃபுயுமிக்குச் சுருக்கென்றது. “மந்தைன்னு சொல்ல இன்னொரு ஆடாவது வேணுமேங்க. இதுவரைக்கும் நான் ஒருத்திதான்.”

சிரிப்புக்காகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

உண்மை அதுதான். ‘ப்ராக், ஆறு நாள், நான்கு இரவு’ என்று தாளின் தலையில் பெரிதாய் இருந்தது. அடியில் எறும்பு வரிசை மாதிரி ஒரு வரி: குறைந்தபட்சம் இருவர் சேர்ந்தால் மட்டுமே பயணம். ஃபுயுமி ஒரு மருந்துத் தொழிற்சாலையில் லேபிள் சரிபார்ப்பவள். எறும்பு வரிகளைப் படிப்பதுதான் அவள் பிழைப்பு. படித்துவிட்டுத்தான் பெயர் கொடுத்தாள்.

போன வருடம் லிஸ்பன். அதற்கு முந்தைய வருடம் வியன்னா. இரண்டும், அவள் ஒருத்தியாக இருந்ததால் நடக்காமல் போன ஊர்கள்.

தனியாகவே போகலாமே என்று கேட்காதீர்கள். தனியாக இருப்பதற்கு அவளுக்கு விமானம் தேவையில்லை. வீடே போதும். இருந்தாலும் முப்பத்தாறு வயதில், கிடைக்கிற ஆறு நாள் விடுமுறைக்கு, நிமிடக் கணக்கில் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வைத்திருந்தாள். 9.00 பாலம். 9.40 காபி. 10.15 கோட்டை ஏறுதல். மூச்சு வாங்க ஐந்து நிமிடம். நோட்டின் எல்லா வரிகளிலும் நேரம் இருந்தது. பக்கத்தில் யார் என்பது மட்டும் இல்லை.

“இந்த வாரமும்... நீங்க ஒருத்தர்தாங்க,” என்று நிஷிதே-சான் வழக்கம்போல் தலை தாழ்த்தினாள். இவ்வளவு மரியாதையாக யாரும் யாரையும் தனிமைப்படுத்தியிருக்க முடியாது.

மேதை ஸ்கார்ஃபை இறுக்கிக்கொண்டு மழைக்குள் போனார். கதவருகில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்... அதை ஃபுயுமி கவனிக்காத மாதிரி கவனித்தாள்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

“இன்னொருத்தர் சேர்ந்துட்டாருங்க! சனிக்கிழமை மதியம் விளக்கக் கூட்டம்.”

இரண்டே பேர் என்றாலும் கூட்டம்தான் நம் தொயாமாவில். எட்டு நாற்காலி, ஒரு திரை, ஒரு ஒலிபெருக்கி. அதில் ஒரு நாற்காலியில் மெரூன் ஸ்கார்ஃப்!

“வாங்க, ஆட்டுத் தோழரே,” என்றாள் ஃபுயுமி. உள்ளே என்னவோ துள்ளியது. அதை மறைக்கக் கேலி வந்தது. “கொடி பின்னாடி வரமாட்டேன்னீங்க?”

“அது... இந்தத் தடவை ஒரு மாறுதலுக்காக...”

நிஷிதே-சான் ஒலிபெருக்கியில், மூன்றடி தூரத்திலிருந்த இருவருக்கும் சேதி சொன்னாள். “ஹோரியே-சான், உங்க பாஸ்போர்ட் எண் மட்டும் காலியா இருக்குங்க.”

“விண்ணப்பிச்சிருக்கேன்.”

“பழசு தொலைஞ்சிடுச்சாங்க?”

“இல்லைங்க... இதுதான் முதல்.”

ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் இரைந்தது. ஃபுயுமி சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று தெரிந்தே, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. ஹோரியேயின் காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. எழுந்து, முறையாகக் குனிந்து, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனார்.

அந்த வாரம் முழுக்க ஃபுயுமிக்கு லேபிள்கள் மங்கலாகத் தெரிந்தன. ஒரு மனிதரின் மானத்தைச் சிரிப்பால் கழுவி ஊற்றியாயிற்று. இனி ஆறு நாளும் அவர் இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே... பாவம். தான் விலகிக்கொள்வதுதான் நாகரிகம். அப்படி யோசித்து யோசித்து, அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நேரில் போய், பெயரை எடுத்துவிடச் சொன்னாள்.

நிஷிதே-சான் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“பத்து நிமிஷம் முன்னாடி ஹோரியே-சான் வந்தாரு. தன்னால உங்களுக்குத் தொந்தரவாம். பெயரை எடுத்துட்டுப் போயிட்டாரு.”

“நான் விலகினா அவராவது பயணம் போவாருன்னுதான்...”

“அவரும் அதையேதாங்க சொன்னாரு. குறைந்தபட்சம் இருவர்னு அச்சடிச்சது யார் கண்ணுக்குமே தெரியலையா? ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்கொடுத்து, இப்ப ப்ராக் மட்டும் அங்க தனியா நிக்குது!” இருபது வருட வேலையில் அவள் குரல் உயர்ந்தது அன்றுதான். உடனே குனிந்து மன்னிப்பும் கேட்டாள். “ஆறு மணிக்குத்தான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவேன். அவர் நூலகத்துக்குப் போயிருக்காரு, புத்தகம் திருப்பிக் கொடுக்க.”

மழை. குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் ஓடினாள்.

நூலகத்தின் நான்காவது மாடி. ஐரோப்பா அலமாரி. செய்தித்தாள்களுக்குப் பின்னால் நாலைந்து பெரியவர்கள். நடுவே ஹோரியே, ப்ராக் பற்றிய ஏழு புத்தகங்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். ஏழுமே கிழிந்து, ஒட்டப்பட்டு, பழகிப் போயிருந்தன.

“இவ்வளவுதாங்க என் பயணம்,” என்று கிசுகிசுத்தார், அவளைப் பார்க்காமல். “நகராட்சிக் குடிநீர்ப் பிரிவுல வேலை. பதினெட்டு வருஷம். விமானத்தைக் கீழேயிருந்துதான் பார்த்திருக்கேன். அந்த ஆபீஸ்ல கதை பேசினா... யாராவது காது கொடுத்துக் கேட்பாங்க. அதுக்காகப் போவேன்.”

“அப்புறம் ஏன் பேர் கொடுத்தீங்க?”

“நீங்க சொன்னீங்களே, ‘நான் ஒருத்திதான்’னு...” அவர் ஒரு புத்தகத்தை நேராக்கினார். நேராகத்தான் இருந்தது அது. “அந்தக் குரல் எனக்குத் தெரியும். தினமும் வீட்டுக் கதவைத் திறக்கும்போது கேட்கறதுதான்.”

ஃபுயுமி அலமாரிக்கு இன்னும் ஒரு அடி நெருங்கினாள்.

“நானும் பொய் சொல்லியிருக்கேன். தொழிற்சாலையில, ‘ஒருத்தரோட போறேன்’னு. யாருன்னு கேட்டாங்க. உயரமானவர், ப்ராக் பத்தி எல்லாம் தெரிஞ்சவர்னு... உங்களைப் பார்த்ததுக்கு அடுத்த திங்கட்கிழமை.”

ஹோரியே முதன்முறையாக நிமிர்ந்தார். ஈரக் கூந்தல் ஒட்டிய அந்த முகத்தை, எந்தப் புத்தகத்திலும் காணாத ஒன்றைப் போலப் பார்த்தார்.

“மணிக்கூண்டு, பாலம், எனக்கு எதுவும் வேண்டாம்!” அவள் குரல் கட்டுக்கு மீறி உயர்ந்தது. “‘அதோ பாருங்க’ன்னு சொன்னா, திரும்பிப் பார்க்க ஒரு ஆள் வேணும். அது... நீங்களா இருக்கணும்!”

அந்த நூலகத்தில் அவ்வளவு சத்தம் கேட்டதே இல்லை. செய்தித்தாள்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. யாரும் ‘உஷ்’ என்று அதட்டவில்லை.

“பொண்ணு கேக்குதுல்ல,” என்றார் ஒரு பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு. “பதில் சொல்லுங்க சார். ஆறு மணிக்கு மூடிடுவாங்க.”

ஹோரியே ஸ்கார்ஃபைக் கழற்றினார்... அவள் தலையை மெல்லத் துவட்டினார்.

“எனக்கு விமானம்னா பயம், ஃபுயுமி-சான்,” என்றார் கடைசியில். “உங்களைப் பார்த்தா அதைவிட அதிகமா பயம். ஆனா நீங்க இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போறது... இன்னிக்கு அதுதான் எல்லாத்தையும்விட பயமா இருக்கு. வாங்க, ஆறு மணிக்குள்ள ரெண்டு பேர் பேரையும் திரும்பச் சேர்த்துடலாம்.”